‘போலி’ என்று சொல்வதற்கு முன்



ஒரு சொல்லைச் சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன். அதை முதலில் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். பிறகு அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சமய வகுப்பு நடத்துகிறேன். சென்ற ஆண்டு திருமுறைப் போட்டிக்காகப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், வயது பதினைந்து இருக்கும், தேவாரம் பாட எழுந்தான். அவன் ஆரம்பித்ததுமே மற்ற பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். காரணம், அவன் அச்சு அசலாக என்னைப் போலவே பாடினான். நான் கண்ணை மூடும் இடத்தில் மூடினான். நான் இழுக்கும் இடத்தில் இழுத்தான். நான் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினான். தொண்டையைச் செருமுவதுகூட என்னைப் போலத்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டேன். “தம்பி, இது போலி. இது உன் குரலும் இல்ல, உன் பக்தியும் இல்ல. சாமி முன்னால போலியா பாடாத” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவனுடைய பாட்டி வந்தார். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “தம்பி, அவன் தமிழ்ப்பள்ளியில படிக்கலப்பா. அ, ஆகூடத் தெரியாது. நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புனீங்களே, அந்தப் பாட்டத்தான் காலையில பஸ்ஸுலயும் ராத்திரி படுக்கையிலயும் கேட்டுக் கேட்டுப் பாடுனான். அவனுக்குச் சொல்லிக் குடுக்க வீட்டுல வேற யாரு இருக்கா?”

அன்று இரவு நான் அனுப்பிய ஒலிப்பதிவை நானே போட்டுக் கேட்டேன். மூன்றாவது அடியில் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்குகிறேன். மீதிப் பாதியை அடுத்த சொல்லோடு ஒட்டிப் பாடுகிறேன். அப்படிப் பாடினால் அந்த அடிக்குப் பொருளே கிடையாது. எத்தனையோ வருஷமாக அப்படியே பாடி வந்திருக்கிறேன். அந்தப் பையனும் அதே இடத்தில்தான் மூச்சு வாங்கினான். என் பிழையை எனக்குக் காட்டியவனைத்தான் ‘போலி’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தேடிப் போனேன்.

இலக்கணத்தில் போலி

‘போல்’ என்பதுதான் வேர். ஒத்திருப்பது என்று பொருள். ‘தாமரை போன்ற முகம்’, ‘அப்பாவைப் போலவே நடக்கிறான்’ என்று சொல்லும்போது அதில் குறையே இல்லை. ஆனால் கூட ஓர் ‘இ’ சேர்ந்து ‘போலி’ ஆகிவிட்டால், போலி டாக்டர், போலிச் சாமியார், போலிக் கையெழுத்து என்று ஒரே வசவாகிவிடுகிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. தமிழ் இலக்கணத்தில் ‘போலி’ ஒரு மரியாதையான சொல். ஒரு சொல்லில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து, பொருள் மாறாமல் இருந்தால் அதற்குப் போலி என்று பெயர். ‘மயல்’ என்பது ‘மையல்’ ஆகலாம். ‘நிலம்’ என்பது ‘நிலன்’ ஆகலாம். ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ ஆகலாம். கிள்ளான் சந்தையில் காய்கறி விற்கும் அக்கா ‘அஞ்சு வெள்ளி’ என்கிறாரே, அந்த ‘அஞ்சு’ ‘ஐந்து’க்கு முற்றுப்போலி. அதற்காக அவர் கொடுக்கும் கீரையை யாராவது போலிக் கீரை என்று சொல்வோமா?

இலக்கணக்காரர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பொருள் மாறக் கூடாது. எழுத்து மாறலாம், ஒலி மாறலாம். பொருள் நின்றால் போதும், அந்தச் சொல் நல்ல சொல்தான்.

நாம் இன்று திட்டுகிற போலி இதற்கு நேர் எதிர். அங்கே எழுத்து மாறாது. உடை, குரல், நெற்றி, மாலை எல்லாம் அப்படியே இருக்கும். பொருள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. மலாய் மொழியில் ‘திரு’ என்றால் ஒருவரைப் பார்த்து அதுபோலச் செய்வது. ‘திருவான்’ என்றால் செயற்கையானது. ‘மெனிரு’ என்றால் பார்த்துச் செய்வது. தேர்வில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவதும் அதேதான். நம் திருநீற்றிலும் திருமுறையிலும் இருக்கும் ‘திரு’வும் காதுக்கு இதே ஒலிதான். ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை. ஒலி ஒன்று, பொருள் வேறு. பயப்பட வேண்டிய போலி இந்த மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பையன் ‘அச்சு அசலாக’ என்னைப் போலப் பாடினான் என்று மேலே எழுதினேன் அல்லவா? நகல் நன்றாக இருந்தால் அதை ‘அசல்’ என்றுதான் பாராட்டுகிறோம்! அதுவும் ‘அசல்’, ‘நகல்’ இரண்டுமே அரபு மூலத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொற்கள். மலாய்க்காரர்கள் சொல்லும் ‘அசால்’, ‘அஸ்லி’ எல்லாம் அதே குடும்பம். ‘அசல்’ என்ற சொல்லையே இரவல் வாங்கித்தான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் எது அசல், எது நகல் என்று அடுத்தவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மட்டும் நாம் தயங்குவதே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் முதல் பத்துமலை வரை

பொருள் நின்றால் போதும் என்று இலக்கணம் சொல்கிறது. சரி, வாழ்க்கையில் அது செல்லுமா? நாம் தினமும் கடந்துபோகும் இடங்களையே பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனை மனத்தில் வைத்து எழுப்பிய கோயில். அந்த நல்லூர்க் கோயிலையே 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் இடித்தார்கள். இப்போது அங்கே நாம் கும்பிடும் கோயில் 18-ஆம் நூற்றாண்டில் வேறோர் இடத்தில் எழுந்தது. அப்படியானால் எது அசல்? பிரிக்பீல்ட்ஸிலேயே இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்து 2015-இல் திறக்கப்பட்ட தோரண வாயில், சாஞ்சித் தூபியின் வாயிலைப் போலச் செய்தது. இந்தப் பக்கம் கிள்ளானுக்கு வந்தால் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில். அதைத் ‘தென்கிழக்காசியாவின் திருப்பதி’ என்றுதான் நாம் பெருமையாகச் சொல்கிறோம்.

பத்துமலை எல்லாவற்றையும்விட ஆச்சரியம். அந்தக் குகையின் வாயில் வேல் போல இருந்ததுதான் தம்புசாமிப் பிள்ளையின் மனத்தைத் தொட்டது என்று சொல்வார்கள். ஒரு ‘போல’விலிருந்துதான் அந்தத் தலமே பிறந்திருக்கிறது. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 2006-இல் 140 அடி உயர முருகன் சிலை எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதிகள் வடித்தது. அதற்குப் பிறகு, 2022-இல், தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தில் முத்துமலை முருகன் சிலைக்குக் குடமுழுக்கு நடந்தது. பத்துமலை முருகனைப் போலவே, அதைவிட ஆறடி கூடுதலாக, 146 அடி. நாம் அங்கிருந்து பார்த்துச் செய்தோம். இப்போது அங்கே நம்மைப் பார்த்துச் செய்கிறார்கள்.

இவற்றில் எதையாவது போலி என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? தைப்பூசத்தன்று அந்த 272 படிகளில் ஏறும் ஓர் அம்மாவிடம் போய், “இது பழநி இல்லையே” என்று சொல்லிப் பாருங்கள். “முருகன் இருக்கான்ல, போதும்” என்பார். இலக்கணக்காரர்கள் சொன்ன நிபந்தனையைத்தான் அவர் தம் பேச்சில் சொல்கிறார். எழுத்து மாறியிருக்கிறது. பொருள் மாறவில்லை.

முன்மாதிரியும் பின்பற்றுதலும்

“கோயில் சரி அண்ணே, மனுஷங்க விஷயம் வேற” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நம் பேச்சில் ‘போல’ என்பதைவிட ‘மாதிரி’ என்றுதான் அதிகம் சொல்கிறோம். ‘அவன மாதிரி’, ‘என்ன மாதிரி’. அந்த மாதிரி முன்னால் நின்றால் ‘முன்மாதிரி’. அதைப் பார்த்து நடந்தால் ‘பின்பற்றுதல்’. வடமொழியில் ‘அநுகரணம்’ என்பார்கள். ஒன்றன் பின்னே அதுபோலச் செய்வது. முன்மாதிரி, பின்பற்றுதல், காப்பியடித்தல், மூன்றும் பார்வைக்கு ஒரே செயல்தான். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார். நமக்குப் பிடித்திருந்தால் பின்பற்றுகிறான் என்கிறோம். பிடிக்காவிட்டால் காப்பியடிக்கிறான் என்கிறோம்.

பார்த்துச் செய்யாமல் யார்தான் எதைக் கற்றார்கள்? பிரிக்பீல்ட்ஸில் உள்ள நுண்கலைக் கோயிலில் பரதம் பழகும் பிள்ளைகளைப் பாருங்கள். ஆசிரியர் தட்டினால் தட்டுகிறார்கள். கை நீட்டினால் நீட்டுகிறார்கள். முதல் வருஷத்தில் “உன் சொந்த பாவம் எங்கே?” என்று யாரும் கேட்பதில்லை. நாம் அம்மா என்று சொன்னதும் அப்படித்தானே? அம்மாவின் உதட்டைப் பார்த்துத்தான் சொன்னோம்.

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் இரண்டு விஷயம் சொல்கிறான். பெரியவர்கள் எதைச் செய்கிறார்களோ அதைத்தான் மற்றவர்களும் செய்வார்கள் என்பது ஒன்று. அடுத்தவனுடைய தர்மத்தைச் சிறப்பாகச் செய்வதைவிட, குறையோடு இருந்தாலும் உன் தர்மத்தைச் செய்வது மேல் என்பது இன்னொன்று. ஒன்று பார்த்துச் செய்வார்கள் என்கிறது, இன்னொன்று அடுத்தவன் வழியை எடுத்துக்கொள்ளாதே என்கிறது. ஒரே அத்தியாயத்தில் இப்படி முரணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பேச்சு முன்னால் நிற்பவனுக்கு: உன்னைப் பார்க்கிறார்கள், பார்த்து நட. இரண்டாவது பின்னால் வருபவனுக்கு: பார்த்துக் கற்றுக்கொள், ஆனால் கடைசியில் உன் காலில் நில்.

நான் அந்தப் பையனிடம் இரண்டாவதை எடுத்து நீட்டினேன். முன்னால் நிற்பவன் நான்தான் என்பதை, எனக்காகவே சொன்ன முதல் பேச்சை, மறந்துவிட்டேன்.

பாவனை விஷத்தை எடுக்கும்

‘பாவனை’ என்ற சொல்லையும் நாம் கெடுத்துவைத்திருக்கிறோம். “சும்மா பாவனை பண்றான்” என்றால் நடிக்கிறான் என்று அர்த்தம். ஆனால் சைவ சித்தாந்தத்தில் பாவனை என்பது ஒரு சாதனை. அதற்கு நம் ஆசிரியர்கள் சொல்லும் உவமை ‘கருட பாவனை’.

பாம்பு கடித்தவனுக்கு விஷம் இறக்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்கிறான். அவனுக்குச் சிறகு முளைப்பதில்லை. அவன் மனிதன்தான், அது அவனுக்கே தெரியும். ஆனால் மனம் முழுவதும் கருடனில் நிற்பதால் விஷம் இறங்குகிறது. அதுபோல உயிர் தன்னைச் சிவமாகப் பாவித்து நிற்க நிற்க மலத்தின் வேகம் தணிகிறது என்று சொல்வார்கள். உயிர் சிவமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சிவத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதுதான் பொருள்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒன்றைப் போல இருக்க முயல்வது பொய் ஆகாது. நான் அதுவாகவே ஆகிவிட்டேன் என்று ஊரை ஏமாற்றுவதுதான் பொய். பொறுமை இல்லாதவன் பொறுமைசாலியைப் போல நாலு நாள் நடந்து பார்க்கட்டும். ஐந்தாம் நாள் கொஞ்சம் பொறுமை ஒட்டிக்கொண்டாலும் லாபம்தானே?

அப்படியென்றால் போலியே கிடையாதா?

உண்டு. நம் பெரியோர்கள் அதை மறைக்கவில்லை. திருமூலர் ‘அவவேடம்’ என்றும் ‘தவவேடம்’ என்றும் தனித்தனியாகவே பாடிவைத்திருக்கிறார். பேருக்கு ஓரெழுத்துத்தான் வித்தியாசம். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில், புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசுவைக் காட்டுகிறார். அந்தப் பசுவின் குற்றம் எது? தோல் போர்த்தியதா? தோலைக் காட்டிப் பிறர் வயலை மேய்ந்தது. காவிக்குள் இருந்துகொண்டு காசு பறிப்பவன், பரிகாரம் என்று சொல்லிப் பெண்களை ஏமாற்றுபவன், இவர்கள் மேய்கிறவர்கள். அவர்களைப் போலி என்று உரக்கவே சொல்ல வேண்டும். போலீஸிலும் சொல்ல வேண்டும்.

வள்ளுவரே இன்னோர் இடத்தில், பண்புடைமை அதிகாரத்தில், உடம்பால் ஒத்திருப்பது ஒப்பு ஆகாது, பண்பால் ஒத்திருப்பதே ஒப்பு என்கிறார். கண், மூக்கு, கை, கால் எல்லாருக்கும் ஒன்றுதான். போலச் செய்வதென்றால் அதோடு நின்றுவிடாதே, பண்பு வரைக்கும் போ என்கிறார்.

மெய்ப்பொருள் நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, சிவனடியார் வேடத்தில், ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். குத்திவிடுகிறான். தத்தன் வாளை உருவும்போது நாயனார் தடுக்கிறார். அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். சின்ன வயதில் எனக்கு இந்தக் கதை பிடிக்காது. ஏமாந்துபோய்விட்டாரே என்று நினைப்பேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அணிந்தவன் பொய்யன் என்பதற்காகத் திருநீறு பொய்யாகிவிடாது என்பதை அவர் உயிர் போகும் நேரத்திலும் விடவில்லை. அவர் பெயரே மெய்ப்பொருள். நாம் அவரைப் போல உயிரைக் கொடுக்க வேண்டாம். கத்தியோடு வந்தவனிடமே அவ்வளவு பொறுமை காட்டினார். ஒரு தேவாரத்தோடு வந்த சின்னப் பையனிடம் நான் எவ்வளவு காட்டியிருக்க வேண்டும்?

அதனால் இப்போதெல்லாம் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒருவன் வேடத்தால் இன்னொருவருக்குக் கேடு நடந்தால், போலி என்று சொல்வேன். கேடு இல்லை, கற்றுக்கொள்ளத்தான் பார்க்கிறான் என்றால் அந்தச் சொல்லை எடுக்க மாட்டேன். ஏன் காவடி எடுக்கிறாய் என்று கேட்டால், “ஃப்ரெண்டு எடுத்தான் அண்ணே, அதான்” என்று சில தம்பிகள் சொல்வார்கள். முன்பு சிரிப்பேன், சில நேரம் திட்டுவேன். இப்போது, “சரி, விரதம் இருந்தப்போ எப்படி இருந்துச்சு? இறக்கி வச்சதும் என்ன தோணுச்சு?” என்று கேட்கிறேன். கூட்டாளியைப் பார்த்துத் தொடங்கியதாகவே இருக்கட்டும். பொருள் எங்கே வந்து சேர்ந்தது என்று அவனே தேடிப் பார்ப்பான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்து மாறாமல் பொருள் தொலைந்துபோவதுதான் கெட்ட போலி என்றேனே, அது யார்? அந்தப் பையனுக்குப் பொருள் தெரியாது, தெரியாது என்பதும் தெரியும். எனக்கோ தமிழ் தெரியும், பதிகம் மனப்பாடம், உரையும் வீட்டில் இருக்கிறது. அப்படியும் ஒரு சொல்லை இரண்டாக உடைத்து இத்தனை வருஷம் பாடி வந்திருக்கிறேன். என் வாய் பாடியது, மனம் அந்த அடிக்குள் போனதே இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ‘போலி’ என்ற சொல் யாருக்காவது பொருந்தும் என்றால், எனக்குத்தான்.

அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போனேன். “தம்பி, நான் சொன்னது தப்பு. நீ நல்லாத்தான் பாடுன. நான்தான் தப்பாப் பாடியிருக்கேன்” என்றேன். அவன் நம்பவில்லை. போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். எங்கே சொல் முடிகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். இரண்டு தடவை பாடிப் பார்த்தான். பிறகு, “அண்ணே, அப்படின்னா இந்த வரி சாமிகிட்டக் கேள்வி கேக்குதா?” என்றான்.

ஆமாம். கேள்விதான். எத்தனையோ வருஷம் பாடியும் அது ஒரு கேள்வி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது வகுப்பில் முதல் கால் மணி நேரம் பொருள், பிறகுதான் பாட்டு. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பையன் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பாட ஆரம்பிக்கிறான். இருக்கட்டும். அது போலிதான், இலக்கணப் போலி.